இரண்டு டி.சி.யும் ஐந்து பெயர்களும்

காய்ச்சல் மூன்று நாளாக விடவில்லை என்றால் நம் ஊர் டாக்டர்கள் சீட்டில் முதலில் கிறுக்குவது 'டி.சி., டி.சி., ஈ.எஸ்.ஆர்.' என்றுதான். ஈ.எஸ்.ஆர். என்பது சிவப்பணு படியும் வேகம், அதை விடுங்கள். முதல் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு வேறு. தமிழில் எழுதினால் இரண்டுமே டி.சி. ஆகிவிடுகிறது. முதலாவது டோட்டல் கவுன்ட், அதாவது ரத்தத்தில் வெள்ளையணுக்கள் மொத்தம் எத்தனை என்ற கணக்கு. இரண்டாவது டிஃபரன்ஷியல் கவுன்ட், அந்த மொத்தத்தில் எந்த வகை எத்தனை சதவீதம் என்ற பிரிப்பு. (பள்ளிக்கூடத்தில் வாங்கும் டி.சி. தனிக் கதை.) இப்போதெல்லாம் லேபில் இந்த இரண்டு டி.சி.யையும் சேர்த்து சி.பி.சி. (முழு ரத்த எண்ணிக்கை) என்று ஒரே பெயரில் பில் போடுகிறார்கள். தாளின் நடுவில் அந்த ஐந்து பெயர்கள் மட்டும் மாறவில்லை: நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட், மோனோசைட், இயோசினோஃபில், பேசோஃபில்.

தாள் கைக்கு வந்ததும் நாம் தேடுவது எந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஸ்டார் போட்டிருக்கிறது என்பதை. கூடியிருந்தால் ஒரு பயம், குறைந்திருந்தால் இன்னொரு பயம். அந்த எண் எதை எண்ணியது என்று யாரும் கேட்பதில்லை.

பெரியவர்களுக்கு ஒரு கனமில்லிமீட்டர் ரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருப்பது வழக்கம். அதே அளவு ரத்தத்தில் சிவப்பணுக்கள் 50 லட்சம் அளவில் இருக்கும். கிட்டத்தட்ட எழுநூறு சிவப்பணுவுக்கு ஒரு வெள்ளையணு. உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டு, சராசரி 7,000 என்று பெருக்கிப் பார்த்தால் ஓடும் ரத்தத்தில் மொத்தம் 3,500 கோடி வெள்ளையணுக்கள் வரும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. எலும்பு மஜ்ஜை நியூட்ரோஃபில் என்ற ஒரே வகையை மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடி உற்பத்தி செய்கிறது. ஒரு நாள் உற்பத்தியே மொத்த இருப்பைப் போல மூன்று மடங்கு. அப்படியானால் மீதி எங்கே?

ரத்தத்தில் அவை தங்குவதில்லை என்பதுதான் பதில். மஜ்ஜையில் பிறந்து, ரத்தத்தில் ஏறி, சில மணி நேரத்தில் ஏதாவது ஒரு திசுவுக்குள் இறங்கிவிடும். ரத்தம் அவற்றுக்குச் சாலை மட்டுமே. டோட்டல் கவுன்ட் என்பது விக்கிரவாண்டி டோல்கேட்டில் நின்று கார்களை எண்ணுவது மாதிரி. பொங்கலுக்கு முதல் நாள் எண்ணினால் பல மடங்கு வரும். அதற்காகத் தமிழ்நாட்டில் ஒரே ராத்திரியில் கார்கள் பெருகிவிட்டன என்று யாரும் சொல்ல மாட்டார்கள். யாரோ எங்கோ புறப்பட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரியும்.

இன்னொரு விஷயம். ரத்தக் குழாயில் இருக்கும் நியூட்ரோஃபில்களில் ஏறக்குறைய பாதி, குழாயின் உட்சுவரில் ஓரங்கட்டி நிற்கின்றன. ஊசி குத்தி எடுக்கும் ரத்தத்தில் அவை வராது. மாடிப்படி ஓடி ஏறினாலோ, பயந்தாலோ, அவை நடுச்சாலைக்கு வந்துவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும் இதையே செய்கிறது. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு டோட்டல் கவுன்ட் 14,000 என்று வந்தால், கிருமியே இல்லாமலும் அப்படி வரலாம். கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே கூடுதலாக இருக்கும். பிறந்த குழந்தைக்கு 20,000 இருந்தாலும் அது இயல்புதான். இதையெல்லாம் கேட்காமல் எண்ணை மட்டும் பார்த்து ஆன்டிபயாடிக் விழுங்குவது நம்மிடம் ரொம்ப நாளாக இருக்கும் பழக்கம்.

அந்த ஐந்து பெயர்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். லிம்ஃபோசைட்டுக்கு நிணநீரிலிருந்து பெயர். மோனோசைட்டுக்கு ஒற்றை உட்கருவிலிருந்து. மற்ற மூன்றுக்கும் பெயர் வைத்தது சாயப்பட்டறை. சாயம் ஏற்றாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இவை நிறமற்ற நிழல் மாதிரிதான் தெரியும். ஜெர்மனியில் சாயத் தொழில் கொடிகட்டிப் பறந்த 1870களின் கடைசியில், பால் எர்லிக் என்ற இளைஞர் அந்தச் சாயங்களை ரத்தத்தின் மேல் ஊற்றிப் பார்த்தார். இயோசின் என்ற சிவப்புச் சாயத்தை இழுத்துக்கொண்டது இயோசினோஃபில். காரச் சாயத்தை இழுத்து அடர்நீலமானது பேசோஃபில். இரண்டு பக்கமும் சாயாமல் நடுநிலையாக நின்றது நியூட்ரோஃபில். வேலையைப் பார்த்து வைத்த பெயர்கள் இல்லை. நம் ஊர் லேப்களில் இன்றைக்கும் கண்ணாடிச் சில்லில் ரத்தத்தைத் தேய்த்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, நூறு வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாக எண்ணித்தான் சதவீதம் எழுதுகிறார்கள். கருவி இருந்தால் ஆயிரக்கணக்கில் எண்ணும். நூறே நூறு எண்ணிய கணக்கில் போன வாரம் இயோசினோஃபில் 2, இந்த வாரம் 5 என்று இருந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை.

சரி, நியூட்ரோஃபிலுக்கு வருவோம். பெரியவர்களுக்கு வெள்ளையணுக்களில் பாதிக்கு மேல் இதுதான். காலில் முள் குத்தி இரண்டு நாளில் சீழ் வைக்கிறதே, அந்தச் சீழின் பெரும்பகுதி செத்த நியூட்ரோஃபில்கள். அடிபட்ட இடத்துத் திசு ரசாயன சமிக்ஞைகளை அனுப்பும். பக்கத்து ரத்தக் குழாயின் உட்சுவர் ஒட்டும் தன்மை பெறும். வேகமாக ஓடிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில் அதில் ஒட்டி, உருண்டு, நின்று, குழாய்ச் சுவரின் செல்களுக்கு இடையே உடம்பை நெளித்து நுழைந்து வெளியே வரும். வந்ததும் பாக்டீரியாவைச் சுற்றி வளைத்து விழுங்கும். விழுங்கியதைக் கொல்ல அது தயாரிக்கும் பொருள்களில் ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம். தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டால் வேலை செய்கிற அதே சரக்கு. இதைத் தயாரிக்கும் நொதிக்குப் பச்சை நிறம். சீழும் சளியும் பச்சையாக இருப்பதற்கு அதுதான் காரணம். ஆகவே பச்சைச் சளி என்றால் நியூட்ரோஃபில் நிறைய வந்திருக்கிறது என்று பொருள். பாக்டீரியா இருக்கிறது என்று அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சாதாரண வைரஸ் சளியும் மூன்றாம் நாள் பச்சையாகும்.

விழுங்குவது போதாதென்று இன்னொரு வித்தையும் அதற்குத் தெரியும் என்பது 2004இல்தான் வெளிவந்தது. சில நியூட்ரோஃபில்கள் தங்கள் உட்கருவில் சுருட்டி வைத்திருக்கும் டி.என்.ஏ. இழைகளையே வெளியே விசிறி, கிருமிகளை வலையில் மீனைப் போலச் சிக்க வைக்கின்றன. பெர்லினில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள். பிளீச்சிங் பவுடரும் வலையும் கிருமி எது, நம் திசு எது என்று பார்த்து வேலை செய்வதில்லை. சுற்றியிருக்கும் நல்ல திசுவும் வேகும். வீக்கம், சிவப்பு, வலி எல்லாம் அந்தக் கணக்கில் வருபவை.

இந்த வகை குறையும்போதுதான் அதன் அருமை தெரியும். சதவீதத்தைப் பார்க்காமல் உண்மையான எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். மொத்தம் 3,000, அதில் நியூட்ரோஃபில் 40 சதவீதம் என்றால் 1,200. மொத்தம் 10,000, அதே 40 சதவீதம் என்றால் 4,000. தாளில் இரண்டு பேருக்கும் 40 என்றே இருக்கும். இந்த எண்ணிக்கை 500க்குக் கீழே போய்விட்டால் நம் வாயிலும் குடலிலும் சாதுவாக இருக்கும் பாக்டீரியாவே ஆளைச் சாய்த்துவிடும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு இது நடக்கும், ஏனென்றால் அந்த மருந்து வேகமாகப் பெருகும் எதையும் அடிக்கிறது. மஜ்ஜையைப் போல வேகமாகப் பெருகுவது உடம்பில் குறைவு. அவர்களுக்குச் சீழ் வைக்காது, வீங்காது, சளி பச்சையாகாது. அதையெல்லாம் செய்ய ஆள் இல்லை. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். கீமோ எடுப்பவருக்கு நள்ளிரவில் 101 டிகிரி அடித்தால் 'பாராசிட்டமால் போட்டுவிட்டுக் காலையில் பார்ப்போம்' என்று இருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

பாடப் புத்தகங்கள் வெள்ளையணுக்களைப் போர்வீரர்கள் என்று சொல்லிப் பழக்கிவிட்டன. எனக்கு அந்த உவமையில் அவ்வளவு இஷ்டமில்லை. மோனோசைட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஒன்றிரண்டு நாள் சுற்றிவிட்டுத் திசுவுக்குள் இறங்கி மேக்ரோஃபேஜ் என்ற பெருந்தின்னியாக மாறுகிறது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் இருக்கும் பெருந்தின்னிகள் வயதான சிவப்பணுக்களை விநாடிக்கு 20 லட்சத்துக்கு மேல் விழுங்கி, அவற்றின் இரும்பைப் பிரித்தெடுத்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. சண்டை எதுவும் இல்லாத நாளிலும் இந்தக் குப்பை வண்டி நிற்பதே இல்லை. பழைய இரும்புக் கடையும் அதுவே. பேசோஃபில் நூற்றில் ஒன்றுகூட இருக்காது, ஒவ்வாமையோடு தொடர்புடையது. தாளில் பூஜ்ஜியம் என்று இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இயோசினோஃபிலுக்குத் தமிழ்நாட்டில் தனி அந்தஸ்து உண்டு. காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல் போடுகிறவர், 'எனக்கு ஈஸ்னோபீலியா' என்று அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். ஒரு வெள்ளையணுவின் கணக்கு நோயின் பெயராகி, வீட்டுப் பேச்சுக்குள் வந்துவிட்டது. இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில், அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்த ஆரோக்கியவரத்தில் ஒரு காசநோய் சானடோரியம். அங்கே வேலை பார்த்த ஃபிரிமாட் மோலர், பார்டன் என்ற இரண்டு டாக்டர்கள், காசநோய் என்று அனுப்பப்பட்ட சிலரிடம் ஒரு வித்தியாசத்தைக் கண்டார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி; ஆனால் சளியில் காசநோய்க் கிருமி இல்லை; ரத்தத்தில் இயோசினோஃபில் எக்கச்சக்கம். 1940இல் அதை எழுதி வெளியிட்டார்கள். 1943இல் வைன்கார்ட்டன் என்ற டாக்டர் அதே நோயை 'ட்ராபிக்கல் இயோசினோஃபிலியா' என்று பெயரிட்டு எழுத, அந்தப் பெயர் நிலைத்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. யானைக்கால் நோயைக் கொடுக்கும் அதே ஃபைலேரியா புழு. கொசு வழியாக வந்து, நிணநீர்க் குழாய்களில் குடியிருந்து, குஞ்சுகளை ரத்தத்தில் விடும். பலருடைய உடம்பு அந்தக் குஞ்சுகளைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சிலருடைய உடம்பு மட்டும் அவற்றை நுரையீரலில் பிடித்து வைத்துக்கொண்டு பெரிய ரகளை செய்யும். ராத்திரி இரண்டு மணிக்கு விடாத இருமல், மூச்சிரைப்பு, எடை குறைவு. இயல்பாக 500க்குள் இருக்க வேண்டிய இயோசினோஃபில் 3,000ஐத் தாண்டும். டி.ஈ.சி. மாத்திரை மூன்று வாரம் சாப்பிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் புழுக்குஞ்சைத் தேடினால் கிடைக்காது. உடம்பு அந்த அளவுக்குச் சுத்தமாகத் துடைத்திருக்கும். எதிர்ப்புச் சக்தி மிக நன்றாக வேலை செய்திருக்கிறது; மூச்சு விட முடியாமல் போனது அதனால்தான்.

இன்றைக்குக் காலைத் தும்மலோடு 600, 700 என்று வருவதில் பெரும்பாலானது ஒவ்வாமை அல்லது வயிற்றுப் பூச்சி. அதற்கும் அந்தப் பழைய பெயரையே வைத்துக்கொண்டிருக்கிறோம். அதோடு, இயோசினோஃபில் காலையில் குறைந்தும் ராத்திரியில் கூடியும் இருக்கும் இயல்புடையது. ஒரு தடவை காலையிலும் மறு தடவை மாலையிலும் ரத்தம் கொடுத்துவிட்டு எண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பயன் குறைவு.

மிச்சம் இருப்பது லிம்ஃபோசைட். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் உருண்டையான உட்கரு, சுற்றிலும் மெல்லிய நீல விளிம்பு, பார்க்க எதுவுமே இல்லை. தாளிலும் ஒரே வரி. ஆனால் அந்த ஒரே வரிக்குள் வேறு வேறு வேலை செய்யும் கூட்டங்கள் ஒளிந்திருக்கின்றன. அதைக் காட்டிக்கொடுத்தது கோழி.

கோழியின் பின்புறத்தில், எச்சம் வரும் வாய்க்கு மேலே ஒரு சிறிய பை உண்டு. பர்சா என்று பெயர். எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ப்ரூஸ் கிளிக் என்ற மாணவர் 1950களில் குஞ்சுகளுக்கு அந்தப் பையை வெட்டி எடுத்துப் பார்த்தார். குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. பிறகு கூடப் படித்த சாங் என்பவருக்கு வகுப்பில் செய்து காட்ட கோழிகள் தேவைப்பட்டன. கிருமியை ஊசி போட்டால் ரத்தத்தில் ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் பொருள் எப்படி உண்டாகிறது என்ற சாதாரணப் பாடம். கிளிக்கின் கோழிகளை வாங்கிப் போனார். பாடம் சொதப்பிவிட்டது. பல கோழிகளில் ஆன்டிபாடியே வரவில்லை. எந்தக் கோழிக்கு வரவில்லை என்று பார்த்தால், அவை பை வெட்டப்பட்டவை. அவர்கள் எழுதிய கட்டுரையைப் பெரிய அறிவியல் இதழ் திருப்பி அனுப்பியது. கடைசியில் 1956இல் கோழி வளர்ப்புக்கான ஒரு இதழில் வந்தது. நோய் எதிர்ப்பு ஆராய்ச்சி செய்கிறவர்கள் கோழிப் பண்ணை இதழைப் படிப்பார்களா? பல ஆண்டு யாரும் கவனிக்கவில்லை. ஆன்டிபாடி தயாரிக்கும் செல்லுக்கு 'பி செல்' என்ற பெயர் அந்தப் பர்சாவின் முதல் எழுத்திலிருந்து வந்தது. நமக்கு அந்தப் பை இல்லை, நம் பி செல்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகின்றன. 1961இல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த எலிக்குட்டிகளின் நெஞ்சில் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்துப் பார்த்து இன்னொரு கூட்டத்தைக் கண்டுபிடித்தார். அது 'டி செல்'.

இவற்றின் பெரும்பகுதி ரத்தத்தில் இல்லை. நிணநீர்க் கணுக்களில் உட்கார்ந்திருக்கிறது. காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதே, அது அவை பெருகும் இடம். ஒவ்வொரு லிம்ஃபோசைட்டுக்கும் ஒரே ஒரு வடிவம்தான் அடையாளம் தெரியும். புண்ணிலிருந்து கிருமியின் துண்டு அந்தக் கணுவுக்கு வந்து சேர, அதற்குப் பொருந்தும் சில செல்கள் மட்டும் விழித்துக்கொண்டு, நாலைந்து நாளில் ஆயிரமாய் லட்சமாய்ப் பெருகும். நெறி வலிப்பது அந்த நெருக்கடியால். முதல் தடவை வரும் காய்ச்சல் ஒரு வாரம் இழுப்பதற்கும் இந்தத் தாமதம் ஒரு காரணம்.

டி செல்களில் உதவி செல் என்று ஒரு வகை. தன் கையால் எதையும் கொல்லாது. ஆனால் அது சொல்லாமல் பி செல் முழு வேகத்தில் வேலை செய்யாது, பெருந்தின்னியும் அரைகுறையாகத்தான் செய்யும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் மாதிரி. விசில் அடிக்காமல் வண்டி நகராது. எச்.ஐ.வி. வைரஸ் குறிவைப்பது அந்தக் கண்டக்டரை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோதுதான், இந்தியாவில் அந்தக் கிருமி இருப்பது முதன்முதலாகத் தெரிந்தது. அந்த நோயாளிகளுக்குப் பின்னாளில் பார்க்கும் சி.டி.4 கவுன்ட் என்பது இந்த உதவி செல்லின் கணக்கு. இயல்பாக 500க்கு மேல் இருக்க வேண்டியது 200க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. டோட்டல் கவுன்ட்டை மட்டும் பார்த்தால் இது தெரியாமலே போகலாம்.

குழந்தைகள் விஷயத்தில் லிம்ஃபோசைட் வேறு மாதிரி பயமுறுத்தும். அக்கா மகனுக்கு இரண்டு வயதிருக்கும்போது அத்தான் ராத்திரி பதினொரு மணிக்கு ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினார். "லிம்ஃபோசைட் 58. ஸ்டார் போட்டிருக்கான்பா, கேன்சரா இருக்குமா?" இருக்காது. பிறந்த ஒரு வாரத்திலிருந்து நாலைந்து வயது வரை லிம்ஃபோசைட்தான் முன்னிலையில் இருக்கும். அதற்குப் பிறகுதான் நியூட்ரோஃபில் முந்தும். லேபில் பெரியவர்களுக்கான வரம்பையே எல்லோருக்கும் அச்சடித்துவிட்டார்கள். உண்மையான ரத்தப் புற்றில் எண்ணிக்கை சில சமயம் லட்சத்தைக்கூடத் தாண்டும். அப்படித் தாண்டினாலும், வந்து குவிவது வேலை தெரியாத செல்கள். அதனால்தான் லட்சக்கணக்கில் வெள்ளையணு இருந்தும் அந்த நோயாளிகள் சாதாரணக் கிருமியிடம் தோற்கிறார்கள்.

டெங்கு காலத்தில் தலைகீழ். எல்லோரும் கேட்பது 'பிளேட்லெட் எவ்வளவு?' ஆனால் பெரும்பாலும் அதற்கு முன்பே வெள்ளையணு இறங்க ஆரம்பித்திருக்கும். காய்ச்சல் இரண்டு மூன்று நாளில் மொத்தம் 3,000, 2,500 என்று வந்தால் டாக்டர் டெங்குவைச் சந்தேகிப்பார். குணமாகும்போதும் முதலில் ஏறுவது வெள்ளையணு, பிளேட்லெட் பின்னால் வரும். பப்பாளி இலைச் சாற்றோடு பிளேட்லெட்டுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு, பக்கத்து வரியில் ஏற்கனவே நல்ல சேதி வந்திருப்பது தெரிவதில்லை.

கொரோனாவுக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுகிறோம் என்று அச்சடிக்காத பாக்கெட் இல்லை. டீத்தூள் முதல் பிஸ்கட் வரை. ஆனால் அந்தக் கொரோனாவில் ஆக்சிஜனோ வென்டிலேட்டரோ தேவைப்பட்டவர்களைக் காப்பாற்ற உதவியதாக முதலில் உறுதியான மருந்து டெக்ஸாமெத்தசோன். 2020 ஜூனில் பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு அது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது. டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து. வைரஸ் ஓய்ந்த பிறகும் நுரையீரலுக்குள் வெள்ளையணுக்கள் ஓயாததால் செத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது உதவியது. மூட்டுகளை அரிக்கும் முடக்குவாதமும், சின்ன வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயும் இதே கூட்டம் தவறான முகவரிக்குப் போய்ச் செய்யும் வேலைதான். அவர்களுக்கு எதைக் கூட்டுவது?

கூட்ட முடிந்தது ஒன்று உண்டு: ஒரு தடவை சந்தித்த கிருமியை மறக்காத நினைவு. அது எந்த டி.சி.யிலும் வராது. 1846இல் வட அட்லாண்டிக்கில் இருக்கும் ஃபாரோ தீவுகளுக்குத் தட்டம்மை வந்தது. ஏழாயிரத்துச் சொச்சம் மக்களில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய பானும் என்ற இளம் டாக்டர் வீடு வீடாகப் போய் விசாரித்தார். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781இல். அப்போது சிறு பிள்ளைகளாக இருந்து நோயில் விழுந்து பிழைத்த கிழவர்களும் கிழவிகளும் இன்னும் இருந்தார்கள். அறுபத்தைந்து வருஷம் கழித்து, பேரன் பேத்திகள் எல்லாம் காய்ச்சலில் கிடந்த அதே வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த அவர்களில் ஒருவருக்கும் இரண்டாவது தடவை தட்டம்மை வரவில்லை.